அப்பாவுக்குப் பின்னின ஸ்வெட்டர் தோள்ல தொங்குது, வயித்துல பிடிக்குதுன்னா என்ன பண்றது

உங்க கேள்வியை முதல்ல சுருக்கிச் சொல்லிடறேன், இல்லேன்னா படிக்கிற மத்தவங்களுக்குப் புரியாது. கொடைக்கானல்ல இருக்கற அப்பாவுக்கு டிகே நூல்ல (ரொம்ப மெலிசும் இல்லாம ரொம்ப தடியும் இல்லாத நடுத்தர நூல்), நேவி ப்ளூவுல, முன்பக்கம் பின்பக்கம் தனித்தனியா பின்னித் தைக்கிற முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருக்கீங்க. அவர் மார்பு 40, அதுக்கு 4 இன்ச் லூஸ் சேர்த்து 44 இன்ச் சைஸ். டென்ஷன் (சாம்பிள் துண்டு பின்னி எத்தனை ஸ்டிச், எத்தனை வரிசை வருதுன்னு எண்றது) பார்த்தீங்க, 10 செமீக்கு 22 ஸ்டிச், 28 வரிசை, பேட்டர்ன்ல இருந்த மாதிரியே சரியா வந்தது. முடிச்சுப் போட்டுப் பார்த்தா தோள் தையல் கை மேல இறங்குது, கை விரல் வரைக்கும் வந்து மூடுது, வயிறு மட்டும் இழுத்துப் பிடிக்குது, முன்னாடி பார்டர் மேல ஏறி நிக்குது. "பேட்டர்ன் தப்பா, நான் தப்பா அக்கா"ன்னு கேக்கறீங்க.

ரெண்டும் தப்பில்லை மா. பேட்டர்ன் எழுதினவங்க உங்க அப்பாவைப் பார்த்தது இல்லை, அவ்ளோதான். மார்பு 40ன்னா தோள் இவ்ளோ, கை இவ்ளோ, வயிறும் கிட்டத்தட்ட மார்பளவுதான்னு ஒரு டேபிளை வெச்சு எழுதறாங்க, அதுல நம்ம ஊர் அறுபது வயசு அப்பாக்கள் யாரும் அடங்கறது இல்லை. ஒல்லித் தோள், ஒல்லிக் கை, நடுவுல மட்டும் தொப்பை. எங்க வீட்டுக்காரருக்கும் அதே உடம்புதான், குன்னூர் குளிருக்கு முப்பது வருஷமா அவருக்குப் பின்னிப் பின்னித்தான் நான் இதைக் கத்துக்கிட்டேன்.

நீங்க ஜாக்கெட் தைக்கக் குடுக்கும்போது என்ன பண்ணுவீங்க? அளவு ஜாக்கெட் குடுப்பீங்க. எந்த டெய்லரும் "உங்க மார்பு 36ஆ, சரி"ன்னு அதோட வெட்ட ஆரம்பிக்க மாட்டார். தோள், கழுத்து, கைச்சுற்று எல்லாம் பார்த்து, டாட் பிடிச்சுத்தான் தைப்பார். ஆனா ஊசியும் நூலும் கையில எடுத்ததும் அந்த புத்தியை நாம மறந்துடறோம், அச்சுல இருக்கற நம்பர் வேதவாக்கு ஆயிடுது. அதனால அப்பாவோட பீரோவைத் திறந்து அவருக்கு நல்லா உக்கார்ற ஒரு பழைய ஸ்வெட்டரை எடுங்க, பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாங்கின மெஷின் ஸ்வெட்டரா இருந்தாலும் பரவாயில்லை. தரையில விரிச்சு தோள் தையல்ல இருந்து தோள் தையல், அக்குள்ல இருந்து அக்குள், அக்குள்ல இருந்து மணிக்கட்டு, இது மூணையும் எழுதிக்கோங்க. அதுதான் உங்க அளவு ஸ்வெட்டர். அப்படி ஒண்ணு இல்லேன்னா நல்லா தைச்ச சட்டையில தோளை மட்டுமாவது அளந்துக்கோங்க.

சைஸ் தேர்ந்தெடுக்கறதைத் தோளை வெச்சுப் பண்ணுங்க. மார்பு, வயிறு, நீளம் எல்லாம் ஸ்டிச் கூட்டிக் குறைச்சு மாத்திக்கலாம், ரொம்ப சுலபம். தோள், கழுத்து, அக்குள் வளைவு மாத்தறதுதான் தலைவலி, ஏன்னா ஒண்ணை மாத்தினா கையோட மேல்பக்க வளைவையும் மாத்தணும். பொம்பளைங்க தங்களுக்குப் பின்னும்போதும் இதே கதைதான், முழு மார்பளவு 40ன்னு சைஸ் எடுப்பாங்க, ஆனா அக்குளை ஒட்டி மேல சுத்தி அளந்தா 36தான் இருக்கும், அப்புறம் கழுத்தெல்லாம் அகண்டு தோள்ல நிக்காம வழுக்கி விழும். அந்த 36ஐ வெச்சு சைஸ் எடுத்துட்டு, முன்பக்கம் மட்டும் தேவையான இடத்துல கூட்டிக்கணும்.

சரி, இப்ப கணக்கு. பயப்படாதீங்க, அஞ்சாம் கிளாஸ் பெருக்கல் வகுத்தல்தான். 10 செமீன்னா ஏறக்குறைய 4 இன்ச், அப்ப உங்களுக்கு ஒரு இன்ச்சுக்கு 5.5 ஸ்டிச், 7 வரிசை. இந்த ரெண்டு நம்பரை ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதி நூல் பைக்குள்ள போட்டுக்கோங்க, இனிமே எல்லாத்துக்கும் இதுதான் ஸ்கேல்.

உடம்பு 44 இன்ச், 5.5ஆல பெருக்கினா 242, முன்னாடி 121 பின்னாடி 121 (சீமுக்கு ஓரத்துல ஒண்ணு ஒண்ணு சேர்க்கறது உங்க பழக்கம்). அப்பாவோட வயிறு 44, ஸ்வெட்டரும் 44, அப்ப அந்த இடத்துல லூஸே இல்லை, உள்ள சட்டையும் இருக்கு, பிடிக்காம என்ன பண்ணும். வயித்துல 3 இன்ச் லூஸ் வேணும்னா 47 இன்ச், 3ஐ 5.5ஆல பெருக்கினா 16.5, 16ன்னு வெச்சுக்கலாம். இப்ப நிறைய பேர் பண்ற தப்பு, இந்த 16ஐ முன்னாடி 8 பின்னாடி 8ன்னு பங்கு போடறது. தொப்பை முதுகுலயா இருக்கு? முதுகுல துணி சும்மா மடிஞ்சு கிடக்கும், முன்னாடி அப்பவும் பிடிக்கும். 16ம் முன்பக்கத்துக்கே. முன்பக்கம் 137 ஸ்டிச் காஸ்ட் ஆன் (ஊசியில முதல் கண்ணிகளைப் போடறது), பின்பக்கம் 121.

பார்டர்ல இருந்து அக்குள் வரைக்கும் 16 இன்ச்னா 112 வரிசை. ரிப் பார்டர் (இழுத்தா விரியற கோடு கோடான பின்னல்) 18 வரிசை, அப்புறம் நேரா 14 வரிசை, அப்புறம் 8 வரிசைக்கு ஒருமுறை ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொரு ஸ்டிச் குறைங்க, 8 தடவை. 64 வரிசையில 16 ஸ்டிச்சும் போயிடும், 137 திரும்ப 121 ஆயிடும், மீதி 16 வரிசை நேரா போய் அக்குளைத் தொடும். அதுக்கு மேல பேட்டர்ன் சொல்றபடியே. முன்பக்கம் பின்பக்கம் ரெண்டுலயும் வரிசை எண்ணிக்கை ஒண்ணுதான், அதனால சைடு சீம் தைக்கும்போது ஒட்டிக்கும்.

இதோட முடியலை, முன்னாடி பார்டர் மேல ஏறுதுன்னீங்களே, அது அகலப் பிரச்சனை இல்லை, நீளப் பிரச்சனை. டேப்பை எடுத்து கழுத்தடியில தோள் மேல வெச்சு வயித்து மேல ஏறி இறங்கி பார்டர் வர்ற இடம் வரைக்கும் அளங்க, அப்புறம் அதே புள்ளியில இருந்து முதுகுப் பக்கம் அளங்க. எங்க வீட்டுல அளந்தப்ப முன்னாடி 27, பின்னாடி 25.5. அந்த ஒன்றரை இன்ச்தான் தொப்பை சாப்பிடற துணி. உங்க அப்பாவுக்கும் அதே அளவுன்னு வெச்சா ஏழால பெருக்கினா பத்து வரிசை, அதாவது ஷார்ட் ரோ அஞ்சு ஜோடி. ஷார்ட் ரோன்னா ஒண்ணும் இல்லை, வரிசையை ஓரம் வரைக்கும் பின்னாம பாதியில திரும்பிடறது, அதனால நடுப்பக்கம் மட்டும் வரிசை கூடும், சைடுல கூடாது, சீம் அப்படியே ஒட்டும். ஜாக்கெட்ல டாட் பிடிச்சா என்ன ஆகுதோ அதேதான், வெட்டாம தைக்காம வருது. முதல் தடவை ரெண்டு பக்கமும் ஓரத்துல 10 ஸ்டிச் விட்டுத் திரும்புங்க, அடுத்து 20, அப்புறம் 30ன்னு உள்ள தள்ளித் தள்ளித் திரும்புங்க, எல்லாம் ஒரே இடத்துல திரும்பினா அங்க ஒரு முடிச்சு மாதிரி தெரியும். திரும்பின இடத்துல ஓட்டை விழாம இருக்க, திரும்பினதும் நூலை முன்னாடி கொண்டுவந்து முதல் ஸ்டிச்சைப் பின்னாம வலது ஊசிக்கு மாத்துங்க, நூலை ஊசிக்கு மேல கொடுத்து பின்பக்கமா இறுக்கி இழுங்க. ஒரே ஸ்டிச் ரெண்டு கால் வெச்ச மாதிரி நிக்கும். கடைசில முழு வரிசை போகும்போது அந்த ரெண்டு காலையும் சேர்த்து ஒண்ணாப் பின்னிடுங்க. ஜெர்மன் ஷார்ட் ரோன்னு பேரு. பழைய முறையில நூலைச் சுத்தித் திரும்புவாங்க, எனக்கு அது பிடிக்காது, சுத்தின நூலைத் தேடிப் பிடிக்கறதுக்குள்ள கண்ணு போயிடும். இந்த ஷார்ட் ரோவைத் தொப்பை எங்க அதிகமா துருத்துதோ அந்த உயரத்துல போடுங்க, பார்டரை ஒட்டிப் போட்டா பார்டர் முன்னாடி நாக்கு மாதிரி தொங்கும்.

தோளுக்கு வருவோம். உங்க பேட்டர்ன்ல 44 சைஸுக்கு தோள் அகலம் 18 இன்ச், அப்பாவுக்கு 16ன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு இன்ச்னா 11 ஸ்டிச், 10ன்னு எடுத்துக்கலாம், பக்கத்துக்கு 5. அக்குள்ல காஸ்ட் ஆஃப் (கண்ணிகளை மூடி முடிக்கறது) பண்ணும்போது பேட்டர்ன் சொல்றதை விட 2 அதிகமா பண்ணுங்க, அப்புறம் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை குறைக்கறதுல 3 தடவை கூட குறைங்க. கழுத்து அகலத்துல கை வைக்காதீங்க, தோள் தையல் மட்டும் 30 ஸ்டிச் இருந்தது 25 ஆகும். கையிலயும் அக்குள்ல அதே மாதிரி 2 அதிகமா காஸ்ட் ஆஃப். தோள் சின்னதானா அக்குள் வளைவு நீளமாயிடும், அதுக்கு ஏத்த மாதிரி கையோட மேல்பக்க வளைவும் கொஞ்சம் உயரணும். இதுக்குன்னு பெரிய ஃபார்முலா எல்லாம் இருக்கு, நான் பண்றது என்னன்னா ஒரு நூலை எடுத்து முன்பக்க வளைவு மேலயும் பின்பக்க வளைவு மேலயும் ஓட்டி அளப்பேன், அப்புறம் கை வளைவு மேல ஓட்டுவேன், கை வளைவு சமமாவோ அரை இன்ச்சுல இருந்து ஒரு இன்ச் கூடவோ இருந்தா சரி, குறைஞ்சா மேல நேரா நாலு வரிசை கூட்டுவேன்.

இப்ப கை. இங்கதான் ஒரு விஷயம் கவனிக்கணும். ரெண்டரை இன்ச் நீளமா இருக்கு, ரெண்டரை இன்ச் குறைச்சுடலாமான்னு கேட்டீங்க. வேண்டாம்! தோள் பக்கத்துக்கு ஒரு இன்ச் இறங்கி இருக்கு இல்லையா, அந்த ஒரு இன்ச்தான் கீழ மணிக்கட்டுலயும் தெரியுது. தோளை சரி பண்ணினாலே கை ஒரு இன்ச் மேல ஏறிடும். நிஜமா கையில குறைக்க வேண்டியது ஒன்றரை இன்ச்தான், பத்து வரிசை. உங்க பேட்டர்ன் 8 வரிசைக்கு ஒருமுறை ஸ்டிச் கூட்டு, 12 தடவைன்னு சொல்லுது, அது 96 வரிசை. உங்களுக்கு 86 வரிசைதான் இருக்கு, ஆனா 12 தடவையும் கூட்டியாகணும், இல்லேன்னா மேல்கை இறுகும். 6 வரிசைக்கு ஒருமுறை 5 தடவை, அது 30, 8 வரிசைக்கு ஒருமுறை 7 தடவை, அது 56. கூட்டினா 86. எல்லாமே இரட்டைப்படை, அதனால எப்பவும் நல்ல பக்கத்துலதான் கூட்டுவீங்க. இந்த மாதிரி ரெண்டு நம்பரைக் கலந்து போடற வித்தை தெரிஞ்சா எந்தக் கையையும் எந்த நீளத்துக்கும் கொண்டுவரலாம்.

டென்ஷன் பத்தி உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம், பார்த்துட்டீங்க, ஆனா சாம்பிளைத் துவைச்சுப் பார்த்தீங்களா? மெஷின்ல துவைக்கலாம்னு லேபிள்ல போட்டிருக்கற சூப்பர்வாஷ் கம்பளி நூல் இருக்கே, தண்ணி பட்டதும் அப்படியே தொளதொளன்னு நீண்டு போகும். நம்ம ஊர் கடையில வாங்கற அக்ரிலிக் அப்படிப் போகாது, அதுக்கு வேற ஆபத்து, இஸ்திரிப் பெட்டி சூடு பட்டா உயிர் போயிடும், துணி துவண்டு பளபளன்னு ஆகி திரும்ப வராது. வரிசை டென்ஷனை மட்டும் யாரும் பார்க்கறதே இல்லை. தனித்தனி துண்டா, இத்தனை இன்ச் வரைக்கும் பின்னுன்னு சொல்ற பேட்டர்ன்ல அது பரவாயில்லை. ராக்லான் கைன்னா, அதாவது கழுத்துல இருந்து அக்குளுக்கு சாய்வா கோடு போகுமே (வாட்டர்லூ சண்டையில ஒரு கை போன ராக்லான் பிரபு பேருல வந்தது அது), அங்க வரிசைதான் எல்லாம். 60 வரிசை பின்னுன்னு சொன்னா, இன்ச்சுக்கு 7 வரிசை உள்ளவங்களுக்கு எட்டரை இன்ச், 8 வரிசை உள்ளவங்களுக்கு ஏழரை இன்ச். ஒரு இன்ச் அக்குள்ல குறைஞ்சா கையைத் தூக்க முடியாது.

ஊசி நம்பர் கதையையும் சொல்லிடறேன், இதுல நான் நல்லா அடி வாங்கியிருக்கேன். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவுல இருந்த எங்க சித்தி ஒரு பேட்டர்ன் தபால்ல அனுப்பினாங்க, 8ஆம் நம்பர் ஊசின்னு போட்டிருந்தது. என்கிட்ட 8ஆம் நம்பர் போனி கம்பெனி ஊசி இருந்தது, உடனே ஆரம்பிச்சுட்டேன். சாம்பிள் கீம்பிள் எதுவும் இல்லை, அந்த வயசுல ஏது பொறுமை. மூணு வாரம் பின்னி முடிச்சா எங்க வீட்டுக்காரருக்கு வர வேண்டியது எட்டாவது படிக்கிற பையன் சைஸ்ல நிக்குது, துணி அட்டை மாதிரி விறைப்பு. நம்ம ஊர் நம்பர் பழைய இங்கிலாந்து நம்பர், அதுல 8ன்னா 4 மிமீ. அமெரிக்க 8ன்னா 5 மிமீ. இன்னும் வேடிக்கை, நம்ம கணக்குல நம்பர் ஏற ஏற ஊசி மெலிசாகும், 10ன்னா 3.25 மிமீ, 12ன்னா 2.75. அமெரிக்காவுல நம்பர் ஏற ஏற தடிக்கும். அன்னையில இருந்து நம்பரைப் பார்க்கறதே இல்லை, மிமீ மட்டும்தான். அந்த ஸ்வெட்டரைப் பக்கத்து வீட்டுப் பையன் ரெண்டு வருஷம் ஸ்கூலுக்குப் போட்டுட்டுப் போனான்.

டென்ஷன் ஒத்து வரவே இல்லை, ஆனா துணி தொட்டா நல்லா இருக்குன்னா ஊசியை மாத்தி மாத்திப் போராட வேண்டாம். பேட்டர்ன் 5.5 சொல்லுது, உங்களுக்கு 5 வருது, வேண்டியது 44 இன்ச். 44ஐ 5ஆல பெருக்கினா 220. பேட்டர்ன்ல எந்த சைஸ்ல 220 ஸ்டிச் வருதோ, அது 40ன்னு போட்டிருக்கும், அந்த சைஸைப் பின்னுங்க, உங்க கையில அது 44ஆ வரும். நீளத்தை மட்டும் உங்க இன்ச்சுல பார்த்துக்கோங்க.

பேட்டர்னே இல்லாம பின்னணும்னு ஆசை இருந்தா எலிசபெத் சிம்மர்மன்னு ஒரு அம்மா, 1910ல இங்கிலாந்துல பிறந்து அமெரிக்காவுல வாழ்ந்தவங்க, எல்லாத்தையும் சதவீதத்துல சொல்லிட்டுப் போயிருக்காங்க. வட்டமா பின்னற ஸ்வெட்டருக்கு உடம்பு ஸ்டிச் 100ன்னா மேல்கை 33ல இருந்து 35, மணிக்கட்டு 20, அக்குள்ல ஒதுக்கறது 8, கழுத்து 40. நம்ம 242க்கு மேல்கை 80, மணிக்கட்டு 48, அக்குள் 20 கிட்ட, கழுத்து 97. முப்பது வருஷத்துல நான் பார்த்ததுல இவ்ளோ அழகான கணக்கு வேற இல்லை. ஆனா தொப்பைக்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை, 100ன்னு வைக்கறது மார்பு ஸ்டிச்சை. வயித்து ஸ்டிச்சை வெச்சா கை யானைக் கால் மாதிரி வரும்.

இதெல்லாம் அடுத்த ஸ்வெட்டருக்கு. இப்ப முடிச்சு வெச்சிருக்கறதை என்ன பண்றது? முழுசா உருவிடலாம்னு எழுதியிருந்தீங்க, வேண்டாம் மா, அரைக் கிலோவுக்கு மேல நூல், அவ்ளோ உழைப்பு. இந்த வரிசையில பண்ணுங்க.

முதல்ல தோள். உள்பக்கமா ஒரு தோள் தையல்ல ஆரம்பிச்சு பின்கழுத்து வழியா அடுத்த தோள் தையல் வரைக்கும் குரோஷா ஊசியால ஸ்லிப் ஸ்டிச் இறுக்கமா போடுங்க, இல்லேன்னா காட்டன் டேப்பை வெச்சுக் கையால தைங்க. பக்கத்துக்கு அரை இன்ச் உள்ள வரும், இனிமே தொங்கி நீளவும் நீளாது. முழு ஒரு இன்ச்சும் வராது, அதை ஒத்துக்கணும்.

அடுத்தது வயிறு. சைடு சீமைக் கீழ இருந்து பதினாலு இன்ச் பிரிச்சுடுங்க, அந்த இடத்துல வைக்க ரெண்டு முக்கோணத் துண்டு பின்னுங்க. 10 ஸ்டிச் காஸ்ட் ஆன், ரிப் 18 வரிசை, நேரா 14 வரிசை, அப்புறம் 8 வரிசைக்கு ஒரு ஸ்டிச் குறைச்சுக்கிட்டே போனா 64 வரிசையில 2 ஸ்டிச் மிச்சம் நிக்கும், காஸ்ட் ஆஃப். ஓரம் ஒவ்வொரு ஸ்டிச் தையலுக்குப் போக, பக்கத்துக்கு ஒன்றரை இன்ச், மொத்தம் மூணு இன்ச் கிடைக்கும். முன்பக்கத்துல மட்டும் கூட்டின மாதிரி அவ்ளோ அழகா இருக்காது, ஆனா மூச்சு விடலாம். இங்கிலாந்து கடலோர மீனவங்க போடற கேன்சி ஸ்வெட்டர்ல அக்குள்ல இப்படி ஒரு துண்டு எப்பவும் இருக்கும், கையை வீசி வலை இழுக்கணும் இல்லையா. அதே டை லாட் (ஒரே தடவையில சாயம் போட்ட) நூல் கிடைக்கலைன்னா ஒட்டியும் ஒட்டாத நீலத்துல போடாதீங்க, கறை பட்ட மாதிரி தெரியும், துணிஞ்சு சாம்பல் கலர் போட்டுடுங்க, டிசைன்னு நினைச்சுப்பாங்க.

கடைசில கை. தோள், வயிறு ரெண்டும் முடிச்சு, துவைச்சு, அப்பாவைப் போடச் சொல்லிட்டு, கையை மடக்கி நிறுத்தி அதுக்கப்புறம் அளங்க, ரெண்டு இன்ச் குறைக்க வேண்டியிருக்கும்னு நினைக்கறேன். கை தையலைக் கீழ இருந்து அஞ்சு இன்ச் பிரிச்சு, ரிப்புக்கு மேல எந்த வரிசை வேணுமோ அதுல ஒரே ஒரு ஸ்டிச்சை நடுவுல கத்தரியால வெட்டி, அந்த வரிசை நூலை ரெண்டு பக்கமும் மெல்ல உருவிக்கிட்டே வந்தா கீழ்த்துண்டு தனியா வந்துடும். மேல நிக்கற கண்ணிகளை ஊசியில எடுங்க. நீங்க மணிக்கட்டுல இருந்து மேல பின்னியிருக்கீங்க, இப்ப மேல இருந்து கீழ பின்னப் போறீங்க, அதனால அரை ஸ்டிச் தள்ளி நிக்கும். ப்ளெயின் பின்னல்ல அது கண்ணுக்கே தெரியாது, கேபிள்ல (முறுக்குப் பின்னல்) தெரியும். உங்களோடது ப்ளெயின், பிழைச்சீங்க. வெட்டின இடத்துல மணிக்கட்டுக்கு வேண்டியதை விட ஸ்டிச் கூட இருக்கும், முதல் வரிசையிலயே சமமா பரப்பிக் குறைச்சுட்டு ரிப் போட்டு முடிச்சுடுங்க. அந்த கேன்சிக்காரங்க கையைத் தோள்ல இருந்து கீழ பின்னினதே இதுக்குத்தான், முழங்கையோ மணிக்கட்டோ கிழிஞ்சா உருவிட்டுப் புதுசா போட.

வெட்டறதுக்கு முன்னாடி, விட்டுப் போகக்கூடாத வரிசைக்குள்ள வேற கலர் நூல் ஒண்ணை ஓட்டி வெச்சுடுங்க, கண்ணி தவறினாலும் அங்க வந்து நிக்கும். நேவி ப்ளூவை ராத்திரி டியூப் லைட்ல எடுக்காதீங்க, காலைல பத்து மணி வெயில்ல ஜன்னலோரம் மடியில ஒரு வெள்ளைத் துண்டை விரிச்சு உக்காருங்க, அப்பதான் கண்ணி கண்ணுக்குத் தெரியும்.